துப்பாக்கிகளுக்கு நடுவே ஒரு ஹாக்கி மட்டை

"கடம்பிட்டுக்கு மாவு உருட்ட இத்தனை நேரமா? கப்பு வாங்கின கைக்கு அடுப்படி வேலை கேவலமாத் தெரியுதோ?"

கைல்போது, குடகு வீடுகளில் துப்பாக்கிக்குப் பூஜை போடும் நாள். அன்று காலையிலேயே போளம்மா ஆரம்பித்துவிட்டாள். தேச்சம்மா அடுத்த உருண்டையை உருட்டினாள். இந்த ஓரகத்திக்குப் பதில் சொல்லி யார் மீண்டிருக்கிறார்கள்?

பள்ளிக்கூட நாளிலிருந்தே இந்த எரிச்சல்தான். ஓட்டமோ, ஈட்டியோ, ஹாக்கியோ, எதில் இறங்கினாலும் தேச்சம்மா முதலிடம், போளம்மா இரண்டாமிடம். போதாக்குறைக்கு இருவரும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டார்கள். மூத்த மருமகள் என்ற ஒன்றில்தான் போளம்மா முதல். அதை விடுவாளா!

அந்தப் பக்கத்தில் மூன்று விளையாட்டிலும் மாநிலத்துக்கு ஆடிய முதல் பெண் தேச்சம்மாதான். பதினான்கு வருடம் முன்பு, இந்திய அணிப் பயிற்சிக்கு அவளுக்கு அழைப்பு வரும் என்று ஊரே காத்திருந்தது. வரவில்லை. "கல்யாணத்தோட ஆட்டம் போச்சு" என்றார்கள். அவளும் மட்டையைப் பரணில் போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

இப்போது போளம்மாவின் மகள் முத்தக்கியும் மாநில சப்-ஜூனியர் ஹாக்கி அணித் தேர்வுக்குப் போய்வந்து, கடிதத்துக்காகத் தவித்துக்கொண்டிருந்தாள். எதற்கெடுத்தாலும் சித்தி, சித்தி! பெற்றவளுக்கு வயிறு எரியாதா?

"அம்மா! லெட்டர் நேத்தே வந்துடுச்சாம்! சித்திகிட்டதான் குடுத்தேன்னு தபால்காரர் சொல்றார்!" வாசலிலிருந்து முத்தக்கி ஓடிவந்தாள்.

போளம்மாவின் முகம் வெளிறியது.

"அடிப்பாவி! ஒளிச்சு வச்சுட்டியா? என் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டியே! பழி வாங்குறியாடி?"

"எதுக்குக்கா பழி?" தேச்சம்மா மெல்லக் கேட்டாள்.

போளம்மா சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குள் பூஜை அறையிலிருந்து மாமனார் உத்தய்யா எல்லோரையும் கூப்பிட்டார். செங்காந்தள் பூச்செருகிய துப்பாக்கிகளுக்கு நடுவே ஒரு ஹாக்கி மட்டை! தேச்சம்மாவின் பழைய மட்டை. எண்ணெய் தடவித் துடைத்து, அதற்கும் பூ வைத்திருந்தது. பிடியில் கட்டியிருந்தது, முத்தக்கி தேர்வான கடிதம்.

"பூஜையில வச்சுத் தரணும்னு சின்ன மருமகதான் நேத்து கொண்டாந்து குடுத்தா," என்றார் பெரியவர். "நம்ம வீட்டுல ஆயுதத்தைச் சாமி முன்னாடிதானே வாங்குவோம்?"

போளம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு... தெரியுமா தேச்சி?"

"உங்க பிரசவத்தப்போ துணி எடுக்க உங்க பெட்டியைத் திறந்தேன்கா. அடியில எனக்கு வந்த இந்திய டீம் லெட்டர் இருந்துச்சு. தேதி தாண்டிப் போயிருந்துச்சு..." தேச்சம்மா மட்டையில் சரிந்த பூவை நிமிர்த்தி வைத்தாள். "கத்தணும்னுதான் வந்தேன். இந்தக் குழந்தையை என் கையில குடுத்தாங்க. அப்புறம் எப்படிக்கா கத்துவேன்? சொல்லியிருந்தா இந்த வீட்டுல நீங்க தலை நிமிர முடியுமா?"

"ஐயோ! பதினாலு வருஷம் என் பேச்சையும் கேட்டுக்கிட்டு இருந்தியேடி... ரெண்டு அறை விட்டிருக்கலாமே!" போளம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். முத்தக்கி தன் அம்மாவை யாரோ போலப் பார்த்தாள்.

உத்தய்யா சாமியைக் கும்பிட்டார். பிறகு மட்டையை எடுத்து மூத்த மருமகளிடம் நீட்டினார். "பெத்தவ நீ. உன் கையால குடு."

போளம்மா எழுந்து வாங்கினாள். மகளிடம் தரவில்லை. தேச்சம்மாவின் கையில் வைத்தாள்.

"நீ குடுடி. நீதான் முதல்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இதைச் சொல்லும்போதுகூட எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு தேச்சி!"

தேச்சம்மா அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு கையால் ஓரகத்தியை இழுத்து அணைத்துக்கொண்டாள். மறு கையிலிருந்த மட்டையின் இன்னொரு முனையை முத்தக்கி அதற்குள் இறுகப் பிடித்திருந்தாள்.