கன்டெய்னரில் போட்ட படையல்

"உன் தங்கச்சி நேத்தும் செடிங்களுக்கு நடுவுலதான் படுத்திருந்தா. பாத்தி ஓரத்துல பழத்தைக் காணோம். நசுங்கிச்சோ, வயித்துக்குள்ள போச்சோ... யார் கண்டா?"

சொல்லிவிட்டு மாமியார் கிம்ச்சி ஊறுகாய்த் துண்டைக் கடித்த சத்தம் சமையலறை முழுக்கக் கேட்டது. ஹியென் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. மறுநாள் புத்தாண்டு. செத்துப்போன மாமனாருக்குப் படையல் போட வேண்டும். மீன் சுட வேண்டும், பூசணித் துண்டை மாவில் தோய்த்து எடுக்க வேண்டும், மூன்று நிறத்தில் கீரையும் வேரும் வதக்க வேண்டும், பித்தளைப் பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் துலக்க வேண்டும். அத்தனையும் அவள் ஒருத்திதான். வியட்நாமிலிருந்து கல்யாணமாகி இந்தக் கொரிய வீட்டுக்கு வந்த முதல் வருஷம், மீன் தலையைத் தப்பான பக்கம் பார்க்க வைத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் முன்னால் தட்டைப் பிடுங்கித் திருப்பி வைத்தவள் இந்த மாமியார். காட்டிலிருந்து வந்ததுக்கு என்ன தெரியும் என்று ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பை ஹியென் பன்னிரண்டு வருஷமாக மறக்கவில்லை. மறக்கிற ஜாதியும் இல்லை அவள்.

"ஸ்ட்ராபெரிக் கொட்டகையில சூடு இருக்கு அத்தை. கன்டெய்னர்ல இல்ல. அதான் போயிருப்பா."

"செடிக்குச் சூடு வேணும், இல்லன்னா கருகிப்போகும். மனுஷிக்கு என்ன? அது ஒண்ணும் பெரிய குளிரில்ல. ரெண்டு சட்டை சேத்துப் போட்டுக்கிட்டாப் போச்சு."

ஹியெனின் கணவன் தொக்சூ தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். நல்லவன்தான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் அம்மா எதிரில் அவனுக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

லுவா, ஹியெனின் கடைசித் தங்கை. கல்யாணமாகி வந்த பெண்கள் தங்கள் உறவுக்காரர்களை அறுவடைப் பருவத்துக்கு வேலைக்கு வரவழைக்கலாம் என்று ஊருக்குள் பேச்சு வந்ததும், முதலில் துள்ளிக் குதித்தது மாமியார்தான். நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி வெச்சுக்கறேன், உள்ரூமைக் குடுத்துடறேன் என்று தேனாகப் பேசினாள். உள்ரூம் என்பது வீட்டிலேயே தரை நன்றாகச் சூடேறும் அறை. மாமனார் படம் இருப்பது அங்கேதான், படையல் நடப்பதும் அங்கேதான். நகரத்திலிருக்கும் சின்ன மகன் ஜின்தே வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து மத்தியானம் கால் நீட்டிப் படுப்பான். மற்ற நாளெல்லாம் பூட்டு. சாவி மாமியார் இடுப்பில்.

லுவா வந்த வாரமே தொழிலாளர் தங்குமிடத்தைப் பார்க்க அதிகாரி வந்தார். அன்றைக்குக் கதவு திறந்தது! லுவாவின் பை, துணிமணி, பல் துலக்கும் பிரஷ் வரைக்கும் உள்ரூமில் எடுத்து அடுக்கினாள் மாமியார். அதிகாரி போட்டோ எடுத்தார், திருப்தியாகத் தலையாட்டினார். அந்தப் பைத்தியக்காரப் பெண் லுவா அது தன் அறை என்றே நம்பிவிட்டாள். வெதுவெதுவென்றிருந்த தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, அக்கா, இங்க தரை கூட நம்மளைத் தாங்குது என்று சொன்னாள். அதிகாரியின் கார் தெரு திரும்பியதும் அந்தப் பை வாசலுக்கு வந்தது. அங்கிருந்து மூன்றாவது கொட்டகைக்குப் பின்னால் கறுப்பு வலை போட்டு மூடிய கன்டெய்னருக்குப் போனது. ஊர்ப் பொதுக்கூடத்தில் மட்டும் மாமியார் இன்னமும் பேசிக்கொண்டிருந்தாள், மருமகளின் தங்கைக்குத் தன் வீட்டு நல்ல அறையையே கொடுத்துவிட்டதாக.

கன்டெய்னரில் ஒரு சின்ன மின்கணப்பு இருந்தது. குளிர் இறங்கியதும் அதற்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். கொட்டகையில் எண்ணெய்க் கணப்பின் விசிறிகளுக்கு மின்சாரம் பற்றவில்லையாம். ஸ்ட்ராபெரிச் செடிகள் கதகதப்பாகப் பூத்தன. லுவா இருமத் தொடங்கினாள். இருமல் நெஞ்சில் இறங்கி, இப்போது காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்த டாக்டர், சூடான இடத்தில் படுக்க வை, அது இல்லையென்றால் மாத்திரை எதற்கு என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். ஹியென் மூன்று தடவை மாமியாரிடம் கெஞ்சினாள். உள்ரூம் வேண்டாம், என் குழந்தைகள் அறையிலாவது படுக்கட்டும் என்று காலைப் பிடிக்காத குறை. வேலைக்கு வந்தவளை வீட்டுக்குள் சேர்த்தால் நாளைக்கு ஊர் என்ன மரியாதை கொடுக்கும் என்று மாமியார் முடித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பித்தளைப் பாத்திரங்களைத் துடைத்து முடித்ததும் வழக்கம்போல மாமியார் சாவியை எடுத்து நீட்டினாள். படையல் போடுவதற்காக வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அது ஹியென் கைக்கு வரும். வாங்கியதை உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டாள்.

விடிந்தும் விடியாததுமாக அவள் முதலில் செய்த காரியம், காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்த லுவாவைக் கன்டெய்னரிலிருந்து முதுகில் சுமந்து வந்து உள்ரூமில் படுக்க வைத்தது. பெட்டியில் ஜின்தேவுக்கென்று மடித்து வைத்திருந்த புதுப் பருத்திப் போர்வையை எடுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டாள். திட்டப்போறாங்க அக்கா என்று லுவா முனகினாள். திட்டட்டும், இன்னிக்கு அவங்களுக்கு வேற வேலை வெச்சிருக்கேன் என்றாள் ஹியென்.

பிறகு படையல் மேசையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

மடிப்புத் திரை, மெழுகுவர்த்தி, மாமனாரின் படம், மீன், பழம், சாராயம் என்று ஒவ்வொன்றாகப் பனி உறைந்த களத்தைத் தாண்டிக் கன்டெய்னருக்குப் போயின. கடைசி நடையில் தொக்சூ எதிரே வந்து நின்றான். கணப்பு எண்ணெய் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போகிறவன். அவள் கையில் அப்பாவின் சட்டைகள் இருப்பதைப் பார்த்தான். திறந்திருந்த கன்டெய்னர் கதவைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. சாமான்கள் திரும்பி வீட்டுக்குப் போகும், லுவா திரும்பி இங்கே வருவாள்.

தொக்சூ எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தான். வீட்டுக்குள் நுழைகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு இரும்புத் தரையில் கால் வைத்தான். வைத்த காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, மறுபடி வைத்தான். உள்சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்த பனியை விரலால் சுரண்டிப் பார்த்தான். லுவா அந்தச் சுவருக்கு அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டியிருந்தாள், படுக்கும்போது முதுகில் படாமலிருக்க.

"இங்கயா... இத்தனை நாளும்?"

"உங்க கொட்டகைதான. நீங்க எட்டிப் பார்க்கலன்னா நான் என்ன செய்ய?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் மண்டியிட்டான். ஊதுவத்தியைக் கொளுத்தினான். கோப்பையில் சாராயத்தை ஊற்றி, இரண்டு கையாலும் தூக்கி வைத்தான். மூத்த மகன் செய்ய வேண்டியதை மூத்த மகன் செய்துவிட்டான். ஹியெனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழ நேரமில்லாததால் சூப்பைச் சுடவைக்கப் போனாள்.

சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். மாமனாரின் தம்பியும் குடும்பத்தில் இப்போது மூத்தவருமான, சின்ன மாமனார் என்று ஹியென் கூப்பிடுகிற கிழவர், தன் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். ஜின்தேவும் அவன் மனைவியும் காரிலிருந்து இறங்கினார்கள். தலைக்குச் சுருள் போட்டு, பண்டிகைப் பட்டு உடுத்திக்கொண்டு தன் அறையிலிருந்து வெளியே வந்த மாமியார், ராணி மாதிரி உள்ரூம் கதவைத் தள்ளினாள். மேசை இல்லை, படம் இல்லை. தரையில் புதுப் போர்வைக்குள் லுவா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"படையல் எங்கடி?"

"வெச்சாச்சு அத்தை. எல்லாம் தயார். வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

அவள் முன்னால் நடக்க, பட்டும் கோட்டும் சூட்டுமாக அத்தனை பேரும் பனியில் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். கறுப்பு வலையை விலக்கியதும் மாமியாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. முகம் வெளுத்துப்போனது.

"என் புருஷனை நாய் படுக்கிற எடத்துல உக்கார வெச்சிருக்கியா... பாவி!"

"நாய்க்கு உங்க வீட்டு வாசல்ல கம்பளி போட்டு எடம் இருக்கு அத்தை. இது என் தங்கச்சி படுக்கிற எடம்." ஹியென் குரலை உயர்த்தவேயில்லை. "இது ஒண்ணும் பெரிய குளிரில்லன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க? மாமாவுக்கும் நீங்க சொன்ன மாதிரியே பண்ணியிருக்கேன். பாருங்க, ரெண்டு சட்டை எடுத்து வெச்சிருக்கேன்."

மாமனாரின் பழைய சட்டைகள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக, படம் வைத்த நாற்காலி முதுகில் தொங்கின. ஜின்தேவின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாத்தையும் தூக்கி வீட்டுக்குள்ள வை என்று மாமியார் கத்த, ஜின்தே மேசைக்குக் கை நீட்டினான். சின்ன மாமனார் கைத்தடியால் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதே. ஊதுவத்தி எரியுது, சாராயம் ஊத்தியாச்சு. அண்ணன் வந்து உக்காந்துட்டாரு. சாப்பிட உக்காந்தவரைப் பாதியில எழுப்புவியா? யாரு ஊத்தினது?"

"நான்தான் சித்தப்பா," என்றான் தொக்சூ. அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு நாக்கு இருந்தது.

அப்புறமென்ன! கிழவர் சடங்கில் ஒரு நூல் விடாதவர். செருப்பைக் கழற்றச் சொன்னார். உள்ளே கொள்ளாதவர்களை வெளியே பனியிலேயே நிற்கச் சொன்னார். ஆவி வந்துபோகக் கதவு திறந்திருக்க வேண்டும் என்றார். மாமியார் முன்வரிசையில், இரும்புத் தரையில் மண்டியிட்டாள். அண்ணன் நிதானமாகச் சாப்பிடட்டும் என்று எல்லோரும் தலை குனிந்து காத்திருக்க வேண்டிய கட்டம் வந்தபோது, கிழவர் அதை இழுத்தார் பாருங்கள், அப்படி இழுத்தார். பல் தந்தியடிக்கும் சத்தம் ஹியெனுக்குக் கேட்டது. யாருடைய பல் என்று தெரிந்தபோது அவளுக்குள் குளிர்ந்தது. அவ்வளவு இனிப்பான குளிரை அவள் அந்த ஊரில் அனுபவித்ததே இல்லை. பொய் சொல்வானேன்?

எழுந்ததும் கிழவர் சுவர்ப் பனியையும் அட்டையையும் கிழிந்த கம்பளியையும் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணி. அந்தப் பொண்ணுக்கு உள்ரூமைக் குடுத்ததா ஊரெல்லாம் சொன்னீங்க. நானும் நாலு பேர்கிட்ட பெருமையா சொன்னேனே..."

மாமியார் பட்டுப் பாவாடையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அண்ணன் அரபு நாட்டுப் பாலைவனத்துல கட்டட வேலைக்குப் போனது ஞாபகமிருக்கா? இதே மாதிரி தகர டப்பாவுலதான் போட்டாங்களாம். உள்ள அடுப்பு மாதிரி வேகுமாம். மேஸ்திரி நாய்க்குக் குளிர் மிஷின் இருந்துச்சு, எங்களுக்கு இல்லன்னு குடிச்சா அழுவாரு. அவரு செத்தும் நான் மறக்கல அந்த அழுகையை. இந்த நெலம் அந்த டப்பாவுல படுத்து வாங்கினது அண்ணி. அதுல நீங்க செடிக்குச் சூடு வெச்சுட்டு..."

கிழவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். படைத்த இடத்தில்தான் சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கன்டெய்னரிலும் வெளியிலுமாக ஆறி ஆடை படிந்த சூப்பை மடக் மடக்கென்று விழுங்கினார்கள். நகரத்து மருமகள் தன் கோட்டைக் கழற்றி, உள்ரூமில் இருக்கும் பெண்ணுக்கு என்று ஹியென் கையில் கொடுத்தாள்.

எல்லோரும் போன பிறகு ஹியென் உள்ரூமில் தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டு வேர்த்திருந்தது. வெளியே தொக்சூ கன்டெய்னர் கதவைச் சங்கிலி சுற்றிப் பூட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. மாமியார். பட்டுப் பாவாடையின் முழங்காலில் துரு படிந்திருந்தது. ஒரு கையில் சூப்புக் கிண்ணம், இன்னொரு கையில் ஒரு தட்டு ஸ்ட்ராபெரி. சாவி இடுப்பில் இல்லை. அது ஹியெனிடம்தான் இருந்தது, மாமியார் அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

"உடம்பு... எப்படி இருக்கு இவளுக்கு?"

லுவா பதறி எழுந்தாள். அவளுக்குத் தெரிந்த கொஞ்சம் கொரிய மொழியில், கால் குளிருமே அம்மா, இங்க உக்காருங்க என்று தரையின் மிகச் சூடான மூலையை விட்டு நகர்ந்து இடம் காட்டினாள். அவள் அப்படித்தான். மாமியாரின் உதடு கோணியது, கண்ணில் நீர் திரண்டு கன்னத்தில் வழிந்தது. ஒரு காலை உள்ளே எடுத்து வைக்கப் போனாள்.

ஹியென் எழுந்து வந்து வழியில் நின்றாள். ஸ்ட்ராபெரித் தட்டை வாங்கித் தங்கையிடம் கொடுத்தாள். கிண்ணத்தை வெளிப்புறமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாமியார் கையிலேயே விட்டாள்.

"ஆறிப்போச்சு அத்தை. சுடவெச்சு எடுத்துட்டு வாங்க. அப்புறம் உக்காரலாம்."

பன்னிரண்டு வருஷத்தில் ஹியெனுக்காக ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சுடவைக்காத மாமியார், கிண்ணத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு திரும்பி, சமையலறைப் பக்கம் நடந்தாள்.