துருக்கை

முந்தின நாள் எண்ணெய் தடவி, ஆட்டுத்தோலில் சுற்றி, தன் கையாலேயே பெட்டிக்குள் வைத்த மடக்குக்கத்தியின் அலகில், காலையில் ஒரு கட்டைவிரல் ரேகை துருவாகப் பூத்திருந்தது.

பக்கீசியோ அதைப் பட்டறைச் சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் செய்யும் கத்திகளெல்லாம் கார்பன் எஃகு. பளபளப்புக்கும் குறைவில்லை, ரோஷத்துக்கும் குறைவில்லை, வெறுங்கை பட்டால் முகம் கறுத்துவிடும். அதனால்தான் சர்தீனியாவின் அந்த மலையூரில் கத்தி வாங்க வரும் எல்லாருக்கும், காட்டுப்புதரின் கறுப்புக் காயைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் ஒரு குப்பியும், தேன்மெழுகில் ஓர் உருண்டையும் கொடுத்து, "தொட்டா தொடச்சிரு, தொடச்சா எண்ணெய் போடு" என்று ஓதி அனுப்புவார். ஆனால் எண்ணெய் போட்ட அலகில் ஒரே ராத்திரியில் துரு ஏற்றுகிற கை அந்த ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது அவர் மகன் மிக்கேலியின் கை. மிக்கேலி திராட்சை அறுப்புக்கு முன்னால் அணைத் தண்ணீரில் மூழ்கிப்போய், இப்போது கல்லறைத் தோட்டத்துச் சைப்ரஸ் மரங்களுக்கு அடியில் கிடக்கிறான்.

சில பேருக்கு வேர்வை அப்படி. "டேய் துருக்கை, தள்ளி நில்லு!" என்றுதான் மகனை எப்போதும் விரட்டுவார். முடித்த அலகுப் பக்கம் அவனை அண்டவிட்டதில்லை. கைப்பிடி வேலை மட்டும்தான் அவனுக்கு; ஆட்டுக்கடாவின் கொம்பைத் தீயில் வாட்டி நிமிர்த்தி, மெழுகு தேய்த்துத் தருவான். சாயங்காலமானால் கருகிய கொம்பு வாடையோடு வீட்டுக்குள் வந்து, அம்மாவின் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். "விடுடா, என் மூஞ்சி துருப்பிடிச்சிரும்!" என்று அன்னிக்கா கத்துவாள். வீடே சிரிக்கும்.

"அன்னிக்கா, நீ இதத் தொட்டியா?"

மாவுக் கையோடு வந்தவள் குனிந்து பார்த்தாள். அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன்தான். கொம்பு அறுக்கறப்ப பட்ட தழும்பு, குறுக்கால கிடக்குது பாரு."

"எலி கிலி ஏதாச்சும்..."

"எலிக்கு ஏது ரேகை, பக்கீசியோ?" அவள் மாவுக் கையைத் துடைத்தாள். "எண்ணெயப் போடு. நல்லாப் போடு. புள்ள தூங்கட்டும். அவன் ஏன் இப்படி அலையணும்?"

அன்று அவளே குப்பியும் துணியுமாக வீட்டிலிருந்த இரும்பையெல்லாம் தேய்த்தாள். கதவுத் தாழ்ப்பாள், கீல், சாவி, கட்டில் கம்பி. வீடு முழுக்கக் காட்டுப்புதர் வாடை ஏறி, ரொட்டிகூட அந்த வாடையடித்தது. மறுநாள் காலையில் எதிலும் ஒரு தடம் இல்லை. அன்னிக்கா பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். பக்கீசியோ மட்டும் தடம் தேடி ஒவ்வொரு இரும்பாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த பிள்ளையை எண்ணெய் போட்டு வெளியே நிறுத்திவிட்டோமே. உயிரோடிருந்தபோது தட்டிவிட்ட கைதானே அது. ஒரே ஒரு தடம் போதும் அவருக்கு.

அவள் கோயில் பூசைக்குப் போன பொழுதில், அலமாரியிலிருந்து சாராயத்தை எடுத்தார். குடிக்கவில்லை. துணியை அதில் நனைத்து, ஒவ்வொரு அலகிலும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, விருந்துக்குப் பரப்புவதுபோல் கட்டிலுக்கு எதிரே இருந்த மேசையில் வரிசையாக விரித்து வைத்தார். அவன் உள்ளே வர வேண்டுமே என்று தாழ்ப்பாளைத் துடைத்தார். பிறகு கீல்களை. நிறுத்தத் தெரியாமல் கட்டில் கம்பியையும்.

"வாடா ராசா," என்றார். "எத வேணாலும் தொடு. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இரவு காற்று மலையிலிருந்து இறங்கி கூரையைத் தடவிப் போனது. ஆட்டுமணிகள் எங்கோ அசைந்து அடங்கின. பக்கீசியோ கண்ணை இறுக்கி மூடி, அன்னிக்காவுக்கு முதுகைக் காட்டிப் படுத்து, ஒரு கையை மட்டும் கட்டில் ஓரமாகப் போர்வைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார்.

தாழ்ப்பாள் மேலெழுந்தது.

கருகிய கொம்பு வாடை. அதற்கடியில் அணைச்சேறு. ஈரக்கால் சத்தம். மேசை அருகே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு நடந்தது.

நீட்டிய கையில் குளிர் பட்டது. தொடவில்லை. தாண்டிப்போனது. கட்டிலைச் சுற்றிக்கொண்டு.

அவள் பக்கம்.

கம்பி முனகியது. தூக்கத்தில் அன்னிக்கா மெல்லச் சிரித்தாள்.

"விடுடா... என் மூஞ்சி..."

அவரால் திரும்ப முடியவில்லை. கழுத்து அசையவில்லை. விடியும்வரை.

வெளிச்சம் வந்ததும் முதலில் மேசைதான் கண்ணில் பட்டது. கத்திகள் அத்தனையும் பளபளவென்று கிடந்தன. ஒன்றைக்கூட அவன் தொடவில்லை. தாழ்ப்பாளில் நான்கு விரல். கட்டில் கம்பியில், அவள் தலைமாட்டில், நான்கு விரல்.

பிறகு அன்னிக்கா.

கண் திறந்திருந்தது. வாய் சிரித்திருந்தது. இரண்டு கன்னத்திலும் இரண்டு உள்ளங்கை, பழுப்பாக, ரேகை ரேகையாக. வலக்கன்னத்தில் கட்டைவிரலின் குறுக்கே தழும்பு.

எண்ணெய்க் குப்பியை எடுத்து ஓடிவந்தார். துணியில் கொட்டினார். தேய்த்தார். துரு உள்ளே இறங்கிவிட்டால் மேலே எண்ணெய் போட்டுப் பயனில்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

"அன்னிக்கா. ஏ அன்னிக்கா."

துணி பழுப்பாக வந்தது. இன்னும் தேய்த்தார். இன்னும் பழுப்பாக வந்தது. கன்னம் செதிலாகப் பெயர்ந்து தலையணையில் உதிர்ந்தது. அவள் சிரித்தபடியே இருந்தாள்.