வீட்டுக் கிருமி

அமலனின் காறையெலும்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் தூதூட்டி என்ற கருவி ஒன்று இருந்தது. எய்ட்ஸ் தின்று தீர்த்த எதிர்ப்பணுக்களை, தூதுப்புரதம் சுரந்து அது தட்டி எழுப்பும், பெருக்கும். தூத்துக்குடியில் அதைப் பொருத்திக்கொண்டவர்கள் கடலுக்குப் போகிறார்கள், கல்யாணம் முடிக்கிறார்கள். இவன் மட்டும் ஏன் துரும்பாய் இளைத்துக் கிடக்கிறான் என்று அக்கா செலினுக்குப் புரியவில்லை.

அதைப் பொருத்தி ஒரு வருடம் முடிந்ததும் சோதனைக்கு அழைத்துப்போனாள். மருத்துவர் நஸீமா அவன் கையில் நினைவுமானியை வைத்தார். உடம்பு எந்தெந்தக் கிருமியோடு பழகியிருக்கிறது என்று அந்தக் கருவி சொல்லிவிடும்.

"அணுவெல்லாம் நெறையத்தான் இருக்கு. ஆனா ஒண்ணும் கத்துக்கல. இவரு தனியா இருக்காரா?"

"இல்ல டாக்டர், எங்ககூடத்தான். ஒரே வீடு."

"அப்போ உங்க வீட்டுச் சளி இருமல் ஒண்ணுகூட இவரு ஒடம்புல பதியலையே! புது அணும்மா, பச்சப்புள்ள மாதிரி. முதல் வருஷம் எல்லாரோடயும் ஒட்டி உறவாடித்தான் கத்துக்கணும். சொன்னேன்ல?"

சொன்னார்தான். ஒன்றாகச் சாப்பிட்டால் எய்ட்ஸ் ஒட்டாது என்றும் தலைபாடாய் அடித்துக்கொண்டார். செலினும் தலையைத் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு வீட்டில் என்ன செய்தாள்? மாடியறை, தனித் தட்டு, தனித் தம்ளர். பிள்ளைகள் மாமாவிடம் ஓடினால் அதட்டல். கேட்டவர்களிடம், "அவனுக்குக் கிருமி ஆகாதுல்லா" என்று ஒரு சாக்கு. பயம் தனக்குத்தான் என்று அந்தப் பாவி ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

தம்பி அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவன் உடம்பு காட்டிக்கொடுத்துவிட்டது.

"தப்பு எம்மேலதான் டாக்டர்!" செலின் உடைந்து அழுதாள். "இன்னைக்கே கீழ கூட்டிட்டு வந்துருதேன். எங்கூடவே உக்காந்து சாப்பிடட்டும்."

"கூடாதும்மா." நஸீமாவின் குரல் தணிந்தது. "கத்துக்கிற பருவம் முடிஞ்சுபோச்சு. இனி உங்க வீட்டுச் சின்னச் சளிகூட இவருக்கு எதிரிதான். அத்தனை அணுவும் ஒரேடியாக் கொந்தளிச்சு இவரையே கொன்னுரும்."

"அப்போ அந்தத் தூதூட்டிய நிறுத்திருங்க!"

"நிறுத்தினா எய்ட்ஸ் முந்திக்கும். தனி அறை, தனித் தட்டு, யாரும் பக்கத்துல போகாம இருக்கணும். ஆயுசுக்கும் இதுதான் வைத்தியம்."

செலின் தன்னை மறந்து தம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அமலன் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டான்.

"அழாதக்கா," என்றான். "எனக்குப் பழகிட்டுல்லா."