முள்ளைப் பார்க்காமல் சொன்ன சொல்

அன்று காலை என் மனைவி ஜெபிதா ஒரு கிதாரின் கழுத்து முனையில் கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். சபைப் பாடகர் குழுவில் வாசிக்கும் ஒரு பெண்ணின் கிதார் அது. கம்பிகள் மரத்தைவிட்டு மிக உயரத்தில் நின்றதால் அந்தப் பெண்ணுக்கு விரல்நுனியெல்லாம் கன்றிப்போயிருந்தது. இரண்டு தேய்ப்பு, ஒரு ஊதல், கம்பியை மாட்டி ஒரு தட்டு. மறுபடி கழற்றி இரண்டு தேய்ப்பு.

"அத்தான், இப்ப கேளுங்க. முன்ன மாதிரி அதிருதா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் கேக்கு."

"ஒங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க. ஒற்று மிகுமா மிகாதான்னு மட்டும்தான் தமிழ் வாத்தியார்ட்ட கேக்கணும்."

அவள் சிரித்தபடி கம்பியை இன்னொரு முறை தட்டினாள். எங்களுக்குள் சாதாரணமாக நடந்த கடைசிப் பேச்சு அதுதான்.

எட்டு மணிக்குப் பெத்துராஜ் வந்தான். புளியங்குடியில் இன்னிசைக் குழு நடத்துகிறவன். அவனும் லோடு ஆட்டோக்காரரும் சேர்ந்து ஒரு பழைய ஆம்ப்ளிபயர் பெட்டியைத் தூக்கிவந்து ஜெபிதாவின் அறையில், சுவரோரம் இறக்கினார்கள்.

"அக்கா, கோமதி அம்மன் தேர இழுத்துருக்கலாம் போல. இடுப்பே கழண்டுட்டு. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முந்திக் குடுத்துருங்க. கச்சேரி ஒத்துக்கிட்டேன்."

"எத்தன வருசமா தூங்குச்சுடே இது?"

"பன்னெண்டு வருசம் இருக்கும். குடோன்ல எலிப்புழுக்கையோட கெடந்துது."

அவன் போனதும் அவள் பெட்டியை மின்சாரத்தில் மாட்டினாள். உள்ளே கண்ணாடிக் குழல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. சூடேறிய தூசியின் வாசனை வீடெங்கும் வந்தது. தாழ்ந்த ஓர் இரைச்சல், தொண்டைக்குள்ளேயே நிற்கும் முனகல் போல. அரைமணி நேரம் ஓடவிட்டுக் கேட்டாள்.

அந்த அறையில் எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. இந்த மாதிரிப் பழைய பெட்டிகள் நானூறு வோல்ட்டில் வேலை செய்பவை. பிளக்கைப் பிடுங்கினாலும் அந்த நானூறு உடனே போய்விடாது. உள்ளே உருளை உருளையாக இருக்கும் கெபாசிட்டர்களில், குழாயை மூடிய பிறகும் தொட்டியில் தண்ணீர் நிற்பதுபோல, நிற்கும். ஜெபிதா முதலில் ஒரு பல்பின் இரண்டு ஒயர்களையும் அவற்றில் தொடுவாள். பல்பு ஒருகணம் எரிந்து அணையும். பிறகு மீட்டரின் ஒயர்களை மாட்டுவாள். முள் வைத்த பழைய மீட்டர். அது என் மேசைமேல் இருக்கும். அவள் தலை பெட்டிக்குள் இருக்கும்.

"இருக்கா?" என்பாள்.

நான் முள்ளைப் பார்த்துவிட்டு "இருக்கு" என்றோ "இல்ல" என்றோ சொல்வேன். நான் "இல்ல" என்ற பிறகுதான் அவள் கை உள்ளே போகும். "பல்பு ஏமாத்தும், முள்ளு ஏமாத்தாது" என்பாள். என்னைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை. பதினோரு வருஷம் அப்படித்தான் நடந்தது.

அன்று சனிக்கிழமை. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக ஊரில் மின்சாரத்தை நிறுத்தும் நாள். நான் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றது. அதோடு எங்கள் தெருவின் விசைத்தறிகள் எல்லாம் நின்றன. சங்கரன்கோவிலில் தறிச்சத்தத்தோடு வாழ்கிறவர்களுக்குத்தான் அந்த அமைதி எப்படி இருக்கும் என்று தெரியும். சத்தம் நிற்பதுபோல இருக்காது. தெருவே எழுந்து எங்கோ போய்விட்டதுபோல இருக்கும்.

ஜெபிதா பிளக்கைப் பிடுங்கினாள். பல்பு ஒருமுறை மின்னியதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்தப் பெட்டியில் கெபாசிட்டர்கள் இரண்டு இடத்தில் இருந்தன, பல்பு தொட்டது ஒன்றை மட்டும்தான் என்பதைப் பிறகு சொன்னார்கள்.

"இருக்கா?"

ஒரு பையன் 'தமிழ் பாடம்' என்று எழுதியிருந்தான். அங்கே விட்டுப்போன 'ப்' என்னும் ஒற்றைச் சிவப்பு மையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்கே கரண்ட் இல்லாத நேரம். கரண்ட் வந்துவிட்டதா என்றுதான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவுகூட நினைக்கவில்லை. தலை நிமிராமல் சொன்னேன்.

"இல்ல."

நாக்கைத் தட்டியதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

நிமிர்ந்தபோது முள் முந்நூற்றுத் தொண்ணூறில் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இறங்கி, பூஜ்யத்துக்கு வந்தது.

அந்த மின்சாரம் எந்த வழியாக இறங்கியது என்று எனக்குத் தெரியும்.

எல்லாரும் பெட்டியைத்தான் குற்றம் சொன்னார்கள். பல்பு ஏமாற்றிவிட்டது என்று நானும் சொன்னேன். அவள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஜெபிதாவை அடக்கம் செய்த அன்று பெத்துராஜ் துட்டி வீட்டில் ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போனான். பெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் அந்த அறையைச் சாத்தினேன்.

அடுத்த மாதம் மின்சாரம் நிறுத்திய நாளில் ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். சாத்திய கதவின் கீழிருந்து சூடேறிய தூசியின் வாசனை வந்தது.

பிறகு அந்தச் சொல்.

"இல்ல."

உள்ளேயிருந்துதான். ஆண்குரல். எங்கோ கேட்ட குரல், ஆனால் யாரென்று பிடிபடவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ யாருக்கோ சொன்னது என்று வைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த மாதமும் வந்தது. அதே நேரம், அதே குரல். எந்த அக்கறையும் இல்லாத குரல். கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. வேறு வேலையில் இருக்கிற ஒருவன் தலை நிமிராமல் சொல்வதுபோல இருந்தது.

வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன். பயந்தாலும், ஒருமுறையாவது அவள் குரல் வராதா என்று கதவருகே நாற்காலி போட்டுக் காத்திருந்தேன்.

வரவில்லை.

புரட்டாசியில் ரிஸானா வந்தாள். ஜெபிதாவோடு பாலிடெக்னிக்கில் படித்தவள். கடையநல்லூரில் டிவி, மிக்ஸி சரிபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். ஜெபி தொட்ட கடைசி வேலையை முடித்துப் பெத்துராஜிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அவளாகவே சொல்லி, அவளாகவே நாளும் குறித்தாள். அவள் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போன பிறகுதான் தறிகள் நின்றன. அப்போதுதான் அன்று என்ன நாள் என்று எனக்கு உறைத்தது.

"ரிஸானா, இன்னைக்கு வேண்டாம்மா."

"ஏண்ணே?"

"கரண்ட் இல்ல."

"பெட்டியத் தொறக்கதுக்குக் கரண்ட் எதுக்கு? நாலு மாசமா ஒயர் சொருகாமக் கெடக்கு. இனி இதுக்குள்ள என்ன இருக்கும்?" என்று சிரித்தாள். "அவ ஒங்கள மீட்டர் பாக்க உக்கார வச்சிருவால்லா? எங்கிட்ட சொல்லிச் சிரிப்பா. எம் மாப்பிள்ள தமிழ் வாத்தியார், நான் அவியளுக்கு வாத்தியார்னு. எனக்கும் பாருங்க."

வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. உட்கார்ந்தேன்.

அவள் பின்பலகையைக் கழற்றினாள். இரண்டு இடத்திலும் பல்பைத் தொட்டாள். பல்பு மினுங்கக்கூட இல்லை. மீட்டரின் ஒயர்களை மாட்டிவிட்டுத் தலையைப் பெட்டிக்குள் நுழைத்தாள்.

நான் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டேன். முள்ளை மட்டும் பார்த்தேன். இமைக்கவில்லை.

பூஜ்யம்.

"அண்ணே, இருக்கா?"

முள் அசைந்தது.

ஐம்பது. நூறு. சுவரில் பல்லி ஏறுவதுபோல, நின்று நின்று ஏறியது. இருநூறு. தூசி வாசனை மூக்கில் அடைத்தது. முந்நூறு. சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

முந்நூற்றுத் தொண்ணூறு.

"இல்ல."

நான் வாயைத் திறக்கவில்லை.

பெட்டியின் முன்பக்கத் துணிக்குப் பின்னால், ஒலிபெருக்கி இருக்கும் இடத்திலிருந்து வந்தது அது. இந்த முறை எனக்கு அடையாளம் தெரிந்தது. தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் உடனே பிடிபடாது.

அது என் குரல்.

"செரி" என்றாள் ரிஸானா. அவள் வலதுகை உள்ளே போவதைப் பார்த்தேன்.

நாற்காலி எங்கே போனது என்று தெரியாது. பாய்ந்து அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம். ஸ்க்ரூக்கள் அறையெங்கும் சிதறி ஓடின.

"என்னண்ணே! பயித்தியமா ஒங்களுக்கு?"

"இருக்கு. தொடாத. இருக்கு."

"இப்பத்தான இல்லன்னு சொன்னிய?"

"நான் சொல்லல."

"ஒங்க கொரல் எனக்குத் தெரியாதா?"

நான் மீட்டரைக் காட்டினேன். அவள் எழுந்து முள்ளைப் பார்த்தாள். பிளக்கைப் பார்த்தாள். அது தரையில், யாரும் சொருகாமல், எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டுத் தறிக்கூடம் தெரிந்தது. இருட்டாக இருந்தது.

அவள் பல்பை எடுத்தாள். அதன் ஒயர்களைக் கெபாசிட்டரில் தொட்டாள்.

பல்பு எரிந்தது.

ஒருகணம் எரிந்து அணைய வேண்டியது. அணையவில்லை. ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லாத அந்தக் காலையில், அவள் கையில் அது நின்று எரிந்தது. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்து அறுபதில் விட்டுவிட்டேன்.

"ஜெபி இருக்கா" என்றாள் ரிஸானா, மூச்சுக்குள்.

கேட்டாளா, சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதும்போது ஒரு கேள்விக்குறி போட்டுப் பிரித்துவிடலாம். காதுக்கு அந்த வசதி கிடையாது. நான்கு மாதத்துக்கு முன்னால் இதே சொல்லில்தான் தவறினேன்.

"அவ இல்ல ரிஸானா" என்றேன். "அதுக்குள்ள இருக்கது நான்."

அந்தச் சனிக்கிழமை நடந்ததை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். விடைத்தாள், ஒற்றுப்பிழை, எல்லாம். அவள் பல்பைக் கீழே வைக்காமல் கேட்டாள். முடித்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒயர்களை எடுத்தாள். வெளிச்சம் போனது. கட்டரால் பெட்டியின் மின்கம்பியை அடியோடு வெட்டினாள். சிதறிய ஸ்க்ரூக்களில் அகப்பட்டதைப் பொறுக்கிப் பின்பலகையை மூடினாள்.

"யாரையும் இதத் தொறக்க விடாதிய" என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது இன்னொன்றும் சொன்னாள். "அவ ஒங்கள ரெம்ப நம்புனா."

அன்றிரவே பெத்துராஜைக் கூப்பிட்டு, பெட்டியை எடுத்துப்போய் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடும்படி சொன்னேன். புதன்கிழமை வருகிறேன் என்றான். புதன்கிழமை தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். லோடு ஆட்டோ வந்து நின்றது.

"சார் இருக்கியளா?"

வாரேன் என்று சொல்லக் கஞ்சிப்பானையை இறக்கிவைத்தேன். அதற்குள் பதில் போய்விட்டது.

"இல்ல."

நான் தெருவுக்கு ஓடிவந்தபோது ஆட்டோ முக்குத் திரும்பியிருந்தது. போன் செய்தேன்.

"வந்தனே சார். நீங்கதான உள்ள இருந்துக்கிட்டே இல்லன்னிய? வீட்டுல இருக்க மனுசன் இல்லன்னா, வராதன்னுதான அர்த்தம்? கோவமா இருக்கியளோன்னு திரும்பிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான். இந்த முறை நான் வாசலிலேயே நின்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவனைக் கையசைத்துக் கூப்பிட்டேன். அவன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். எனக்கு எதிரே, ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றான்.

"ஆட்டோக்காரரு இன்னைக்கு வரல சார். நானே ஓட்டிட்டு வந்தேன். பெட்டி நல்ல கனம். ஒரு கை பிடிக்க உள்ள யாரும் இருக்காவளா?"

"இல்ல."

பெத்துராஜ் என் பின்னால் எட்டிப் பார்த்தான். பிறகு என் வாயைப் பார்த்தான். அது மூடியிருந்தது. அவன் பார்வை அங்கேயே வெகுநேரம் நின்றது. தோளிலிருந்த கயிறு நழுவி விழுந்ததை அவன் எடுக்கவில்லை. ஆட்டோவை ரிவர்ஸிலேயே தெருமுனைவரை ஓட்டிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு அவன் என் போனை எடுப்பதில்லை.

பெட்டி அதே சுவரோரம்தான் இருக்கிறது.