தண்டச்சோறு

வெட்டி எடுத்ததை வீட்டாருக்குக் காட்டிய பிறகே ஜாடியில் போடுவது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். தட்டை எட்டிப் பார்த்த நோயாளியின் புருஷன், பஸ் டிரைவர், சட்டென்று பின்வாங்கினான்.

“சார்... அது அசையுது.”

“உங்க கண்ணுதான் ஆடுது. போய் டீ குடிங்க.”

அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டுகிறவனுக்கு ஒரு சதைத் துண்டைக் கண்டு உதறல் எடுக்கிறதாம்! சர்ஜன் உதட்டைச் சுழித்தார். ஆனால் தட்டை மறுபடி பார்க்கவில்லை.

பத்து வருடமாக அவன் மனைவிக்கு, அந்தத் தையல்காரிக்கு, ஓயாத சளி, காய்ச்சல். காசநோய் என்றான் ஒரு மடையன், ஆஸ்துமா என்றான் இன்னொருவன். ஸ்கேனைப் பார்த்ததுமே இவர் சொல்லிவிட்டார்: பிறவிக் கோளாறு. நுரையீரலில் ஒரு துண்டு மூச்சுக்குழாயோடு சேராமலே வளர்ந்திருக்கிறது. தனக்கென்று ஒரு ரத்தக்குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாத தண்டச்சோறு.

“நான் மூச்சை அடக்குனாலும் உள்ள ஒண்ணு இழுத்துக்கிட்டே இருக்கு டாக்டர். அதுதான் எனக்கும் சேத்து இழுக்குது,” என்றிருந்தாள் அவள்.

“உங்க தையல் மெஷினா இருக்கும்மா,” என்று சிரித்தார்.

தையல் போடுவதை உதவி டாக்டரிடம் தள்ளிவிட்டுத் தட்டோடு வந்தவர், சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும் சின்ன ஜாடி அறையில், குழாய் சொட்டும் சத்தத்துக்கும் ஃபேன் முனகலுக்கும் அடியில், ஈரமாக எதுவோ மூச்சை இழுத்து விடுவதைக் கேட்டார். துண்டை ஜாடியில் போட்டு மூடியை இறுக்கினார். சத்தம் நின்றது. சீ, நானா பயந்தேன்?

ஃபோன் அடித்தது. நர்ஸ்.

“சார், அந்தம்மாவுக்கு மூச்சு நின்னுபோச்சு!”

“டியூபைப் பாரு, முண்டம்!”

“எல்லாம் சரியா இருக்கு சார். மெஷின் தள்ளுது, நெஞ்சு எழும்பல!”

ஜாடியைப் பார்த்தார். துண்டு உப்பி மூடியில் ஒட்டியிருந்தது.

ரிசீவர் கைநழுவித் தொங்கியது. மூடியைத் திருகினார். வழுக்கியது. திறந்தது. வெறுங்கையால் அள்ளித் தட்டில் போட்டார். அது மூச்சை இழுத்தது.

“மூச்சு வந்துருச்சு சார்!” என்றது ரிசீவர்.

இழுத்தது. விட்டது. வெளுத்தது. மெல்ல இழுத்தது. அவர் வெட்டிய ரத்தக்குழாயின் வாய் வெறுமனே திறந்து மூடியது.

“சார், மறுபடி குறையுது!”

“ஐயோ, இரு, இரு...” விரலை அருகே கொண்டுபோனார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. வாய் கவ்வியது. ஊசி குத்தினாற்போல் வலி. துண்டு சிவந்தது.

“நல்லாயிட்டாங்க சார்!” வராந்தாவில் அதைக் கேட்ட டிரைவர் விம்மினான். “நீங்க நல்லா இருக்கணும் சார்!”

விரலை இழுத்தார். ரிசீவரில் நர்ஸ் அலறினாள். இழுப்பதை நிறுத்தினார்.

தட்டில் அது நிதானமாக எழும்பித் தாழ்ந்தது. அவர் விரல் வெளுத்தது. பிறகு கை.