ஜிங்கா கிரகத்து வரிசை

எங்கள் ஏழாம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான் எழுதிய கதையைக் கேட்டு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. லீலாபாய் டீச்சர்கூடக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கதை இதுதான். வருடம் 2090. ஜிங்கா என்ற கிரகம் உடைந்துபோகிறது. அங்கிருந்தவர்கள் இந்தியாவுக்கு ஓடிவந்து தங்குகிறார்கள். அவர்கள் நம்மோடு கலந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் மாதம் ஒரு நாள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒரு ரோபோ எண்ணும். ஒரு தலை குறைந்தாலும் "பீ... பீ..." என்று கத்தும். குளித்துக்கொண்டிருந்த ஜிங்கா தாத்தா, தலை நிறைய சோப்பு நுரையோடு ஓடிவந்து வரிசையில் நிற்பார்.

சோப்பு நுரை வந்ததும் ஒரே சிரிப்பு. என் பக்கத்தில் இருந்த தர்சிகா மட்டும் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது.

தர்சிகாவின் குடும்பம் இலங்கையில் நடந்த போருக்குப் பயந்து படகேறி வந்தது. எங்கள் ஊரான புதுக்கடைக்குப் பக்கத்தில் அகதிகள் முகாமில் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அதிகாரிகள் வந்து அங்கே ஆட்களை எண்ணுவார்கள். அன்று அவள் பள்ளிக்கு வரமாட்டாள். ஏன் என்று கேட்டபோது எனக்கு மட்டும் சொன்னாள். நுரையோடு ஓடியவர் அவளுடைய தாத்தா. அதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள்தான். ஆனால், அவள் வீட்டுச் சிரிப்பை நான் வகுப்புக்கே பங்கு வைத்துவிட்டேன்.

எழுதும்போது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். கதை நன்றாக வருகிறதே என்று எழுதிவிட்டேன்.

மணி அடித்ததும் அவள் பின்னாலேயே ஓடினேன்.

"ஏட்டி தர்சிகா, கோவமா இருக்கியா?"

"கோவம் ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"நான் இஞ்சதானே பிறந்தேன், ஜினிஷா? நீ என்னை வேற கிரகத்துல கொண்டு விட்டுட்டியே."

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாளை மீன் பொரித்துக் கொடுத்திருந்தாள் அம்மா. அதுவும் இறங்கவில்லை.

சாயங்காலம் டீச்சர் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை ஆண்டுவிழாவுல நீதான் மைக்குல கதை படிக்கணும், கேட்டியா மக்கா? அம்மை அப்பன்மாரு எல்லாரும் ஒக்க வருவாங்க."

தர்சிகாவின் தாத்தாவும் வருவாரே! வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

மேடையிலேயே மன்னிப்புக் கேட்டால் என்ன? யோசித்துப் பார்த்தேன். கேட்டால், அந்தத் தாத்தா யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். தப்புச் செய்தது நான், எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அவளையா?

அன்று கதையை அடித்து அடித்து எழுதினேன். தாத்தாவை எடுத்துவிட்டேன். வரிசையில் ஒரு சிறுமியை நிறுத்தினேன். மறுநாள் காலை நோட்டைத் தர்சிகாவிடம் நீட்டினேன்.

"நான் செய்தது தப்புட்டி. இது சரியா இருக்கான்னு பாரு. நீ வேண்டாம்னா நான் படிக்கமாட்டேன்."

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"இந்தப் பிள்ளைக்கு ஏன் பேரு இல்ல?"

"பேரு போட்டா உன்னைத்தான் சொல்லுகேன்னு நினைப்பாங்கல்லா?"

தர்சிகா என் பேனாவைப் பிடுங்கி ஒரு பெயரை எழுதினாள்.

ஜினிஷா.

"இத அப்படியே படிப்பியா?" என்று கேட்டாள்.

"படிப்பேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மேடையேறினேன். "ரோபோ வரிசையைப் பார்த்துக் கத்தியது: ஜினிஷா! முன்னால் வா! நீ எந்தக் கிரகம்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஏலே, ஜிங்கா ஜினிஷா!" என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். ஒரு நிமிடம்தான். அதற்குள்ளேயே ஓடிவிடலாம்போல இருந்தது. அவளுக்கு இது மாதாமாதம்.

முன் வரிசையில் தாத்தாவின் பக்கத்தில் தர்சிகா உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. "படி மக்கா" என்று சத்தமில்லாமல் வாயசைத்தாள்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிறுமியின் பதிலைச் சத்தமாகப் படித்தேன்.

"புதுக்கடை."