கட்டளை புரியவில்லை

லெப்பைக்குடிக்காட்டில் அந்த வீட்டை நான் வாடகைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், அதில் வேறு யாரும் இல்லை என்பதுதான்.

என் பிழைப்பு அப்படி. இன்னும் வெளிவராத வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே உடைசல் என்று சென்னையில் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவன் நான். ஒப்பந்தத்தின் முதல் விதி, சோதனை நடக்கும் அறையில் சோதிப்பவனைத் தவிர ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது. உடையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலோ அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு. போன தடவை பதிவின் நடுவே அண்ணன் மகள் "சித்தப்பா, அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க" என்று கூவிவிட்டாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு முறை வேறு குரல் கேட்டால் ஒப்பந்தம் ரத்து. இந்த கேமை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் நிரந்தர வேலை என்று டீம் லீடர் வினோதினி சொல்லியிருந்தார். ஐந்து நாள் அவகாசம், வெள்ளி மாலை கெடு.

அரியலூரில் பஸ் மாறி, சிமென்ட் லாரிகளின் புழுதியை முழுங்கிக்கொண்டு நான் போய் இறங்கியபோது திங்கட்கிழமை பகல் பதினொரு மணி. ஐப்பசி மழை விட்டிருந்தது. தெருக்கோடியில் வெள்ளாறு நிறைய ஓடும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் ஹபிபுல்லா குவைத்தில் இருந்தார். பக்கத்து வீட்டில் இருந்த அவருடைய அக்கா பாத்திமா பீவிதான் சாவி கொடுத்தார். சாவியைக் கையில் வைத்த பிறகும் போகாமல் நின்றார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மத்தியானத்துல கதவத் தட்டுற சத்தம் கேக்கும். மூணு தடவையோட நின்னுடும். யாருன்னு கேக்காதீங்க. வாங்கன்னும் சொல்லாதீங்க."

"யாருக்கா அது? துணி விக்கிறவங்களா?"

"அது போயிடும் தம்பி. நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

எனக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. பேசாமல் இருப்பதில் எனக்கென்ன கஷ்டம்? கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கூடத்தில் ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றை மேசைக்கு இழுத்தேன். மற்றது சுவரோரம் கிடந்தது.

இனி அந்த கேமைப் பற்றிச் சொல்ல வேண்டும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

பெயர் ஏழாம் வளையம். விண்வெளியில் நடக்கும் கதை. நாமே ஒரு பாத்திரத்தை உருவாக்கி, விண்கலம் ஓட்டி, கோள்களில் இறங்கி, துப்பாக்கியால் சுட்டு முன்னேற வேண்டும். ஆயிரம் கோள்கள் என்று விளம்பரம். இறங்கினால் ஒரே கல்லும் மண்ணும். அதற்கு அரியலூர் சுண்ணாம்புக் குவாரி எவ்வளவோ தேவலை, அங்கேயாவது கல்லாகிப் போன கிளிஞ்சல் கிடைக்கும். ஒரு கொள்ளைக்காரனை முப்பது குண்டு நெற்றியில் சுட்டாலும் அவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். கெஞ்சு, மிரட்டு, பொய் சொல் என்று மூன்று பதில்கள் கொடுப்பார்கள், எதை அழுத்தினாலும் அவன் சொல்வது ஒன்றுதான். மூன்று பதிலையும் எழுதியவருக்குச் சம்பளம் கொடுத்தார்களா என்று அறிக்கையில் கேட்டேன், பிறகு அழித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை தமிழ்க் குரல் கட்டளை. நம்மோடு கயல் என்று ஒரு வீராங்கனை கூடவே வருவாள். மைக்கில் தமிழில் சொன்னால் அவள் கேட்பாளாம். என்னை வேலைக்கு வைத்ததே இதைச் சோதிக்கத்தான். ஹெட்போனின் மைக் நுனியில் ஒரு பச்சை விளக்கு உண்டு, மனிதக் குரல் கேட்டால் எரியும். திரையின் ஓரத்தில் அது கேட்ட சொல் எழுத்தாக வர வேண்டும். நான் "சுடு" என்றேன். "பின்னால் வா" என்றேன். "குனி" என்றேன். செய்தி வாசிப்பவர் போல ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தேன்.

கட்டளை புரியவில்லை.

இரண்டு நாளில் நூற்றுப் பதினான்கு முறை அந்த வரி வந்தது. பிறந்ததிலிருந்து நான் பேசுவது தமிழ்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

செவ்வாய் மத்தியானம் இரண்டு பத்துக்கு, விண்கலத்தின் அறையில் நின்று துப்பாக்கிக்கு ரவை நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஹெட்போனில் ஒரு சத்தம் கேட்டது.

டக், டக்.

விரல் முட்டியால் மரக் கதவைத் தட்டும் சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு முறை. இன்னும் கொஞ்சம் பொறுத்து மூன்றாம் முறை. அவ்வளவுதான்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. விண்கலத்தில் ஏதடா மரக் கதவு? எங்கிருந்தோ ஒரு சத்தத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் சோம்பேறிகள். கேமில் அந்த அறைக் கதவைத் திறந்து பார்த்தேன், வெளியே யாரும் இல்லை. பிழை எண் நாற்பத்தொன்று என்று குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமையும் அதே இரண்டு பத்து. அதே மூன்று முறை. இந்தத் தடவை கயல் சுடுவதை நிறுத்திவிட்டு அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாளாக நான் கூப்பிட்டுத் திரும்பாதவள்.

சாயங்காலம் வினோதினியிடம் போனில் சொன்னேன்.

"மூணு தடவை வந்தாத்தான் பிழைன்னு எடுத்துப்பேன், அறிவு. போன கேம்ல நீங்க குடுத்த பிழைல பாதி, நாங்க விளையாடிப் பாத்தப்ப எங்ககிட்ட வரவே இல்ல. இன்னொரு நாள் வரட்டும். யாரோ வெளிய நின்னு தட்டுறாங்கன்னா உள்ள வரச் சொல்லிப் பாருங்களேன். அதுக்குத்தானே வாய்ஸ் கமாண்ட்?"

நியாயமான யோசனைதான். பாத்திமா பீவி சொன்னது அப்போது என் நினைவுக்கே வரவில்லை. சத்தம் வந்தது ஹெட்போனுக்குள். அவர் சொன்னது வீட்டுக் கதவை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வியாழன். திரைப்பதிவை ஓடவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு பத்து.

டக், டக்.

"உள்ளே வா," என்றேன்.

கட்டளை புரியவில்லை.

டக், டக்.

"உள்ளே வா!"

கட்டளை புரியவில்லை.

நான்கு நாள் ஆத்திரமும் தலைக்கு ஏறிவிட்டது. மூன்றாம் முறை தட்டியதும் மேசையைக் குத்திக்கொண்டு கத்தினேன். "உள்ள வாங்களேன்யா! யாரு வேணாம்னது?"

திரையில் எழுத்து வந்தது.

கட்டளை ஏற்கப்பட்டது.

கயல் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். அறைக் கதவு திறக்கவில்லை. யாரும் உள்ளே வரவில்லை.

ஆனால் எனக்கு ஈர மணல் வாசனை வந்தது. ஆற்றுத் தண்ணீரின் சேற்று நெடி. அதோடு கலந்து, வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியைத் திறந்ததும் அடிக்குமே, சோப்பும் அத்தரும் சேர்ந்த வாசனை.

நான் மூச்சுக்கூட விடவில்லை.

மைக்கின் பச்சை விளக்கு எரிந்தது.

திரையோரத்தில் ஒவ்வொரு சொல்லாக எழுத்து வந்தது. ஒரு பிழை இல்லை.

அஸ்ஸலாமு அலைக்கும்.

விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது.

ரொம்ப நேரமாத் தட்டுறேன். தூங்கிட்டீங்களோன்னு நெனச்சேன்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பினேன். தெருக்கதவின் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. வாசலிலிருந்து மேசை வரை தரை ஈரம். சுவரோரம் கிடந்த இரண்டாவது நாற்காலி என் நாற்காலிக்குப் பக்கத்தில், கையோடு கை உரசும் அளவுக்கு நெருக்கமாகப் போடப்பட்டிருந்தது.

அதன் காலடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். பாத்திமா பீவி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் கொடுக்கவில்லை, என்ன என்றும் கேட்கவில்லை.

"பதில் சொல்லிட்டீங்க," என்றார்.

நான் தலையாட்டினேன்.

"எங்க சின்னத் தம்பி, முகமது அனஸ். ஆறு வருஷம் முன்னாடி குவைத்துலேருந்து யாருக்கும் சொல்லாம வந்தான். எல்லாரும் அதிசயப்படணும்னு. இதே மாதிரி மத்தியானம். அம்மா அசந்து தூங்கிட்டாங்க, கூலர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. எங்கள்ல ஒரு பழக்கம், தம்பி. அடுத்தவங்க வாசல்ல நின்னா மூணு தடவைதான் கேக்கணும். பதில் இல்லன்னா திரும்பிடணும். சொந்த வூடுதான், ஆனா அவன் சின்னதுலேருந்தே அப்படித்தான். பெட்டிய வாசல்ல வச்சுட்டு, குளிச்சிட்டு வருவோம்னு ஆத்துக்குப் போயிருக்கான். ஐப்பசி வெள்ளம்."

ஆற்றுப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"நாப்பதாம் நாள்லேருந்து தட்டுற சத்தம். அம்மாவால தாங்க முடியல. ஒரு நாள் 'உள்ள வாப்பா'ன்னு கூப்பிட்டுட்டாங்க. அதோட சத்தம் நின்னு போச்சு. ஆனா அம்மா அப்புறம் தனியா இருந்ததே இல்ல. ஒரு ஆளுக்கு எடம் விட்டுத்தான் படுப்பாங்க. எங்க போனாலும் அவனும் கூடவே. அவங்க மௌத்தாகிக் கண்ண மூடின அன்னிக்கு மத்தியானம் திரும்ப வெளியில தட்டுற சத்தம் கேட்டுச்சு. அன்னிக்கு ஆரம்பிச்சது இன்னிக்கு வரைக்கும் ஓயல."

"இப்ப?" என்றேன்.

"இனிமே அந்த வூட்டுல யாரும் தட்ட மாட்டாங்க, தம்பி," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வருத்தமா நிம்மதியா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன் என்பதும் தெரிந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

அன்றே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அரியலூர் வரை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள் கூட அதில் உட்காரவில்லை. ஒருவர் உட்காரப் போய், கையால் தடவிப் பார்த்து, "ஈரமா இருக்குங்க" என்று விலகிக்கொண்டார்.

பதிவுகள் தாமாகவே சென்னைக்குப் போய்விடும் ஏற்பாடு. வெள்ளி மாலை வினோதினி கூப்பிட்டார்.

"என்ன அறிவு இது? ரூம்ல இன்னொருத்தர் இருந்திருக்கார்."

"இல்ல மேடம், நான் தனியாத்தான்..."

"பொய் சொல்லாதீங்க. நாங்க நாலு பேர் உக்காந்து கேட்டோம். நீங்க எழுந்து ஓடுனதுக்கு அப்புறமும் நாப்பது நிமிஷம் அவர்தான் விளையாடியிருக்கார். சுடு, குனி, பின்னால வா, அவர் சொன்ன ஒவ்வொண்ணையும் கேம் முதல் தடவையிலேயே புரிஞ்சுக்கிட்டுருக்கு. நீங்க என்னடான்னா தமிழ் கட்டளை வேலையே செய்யலன்னு எழுதியிருக்கீங்க. உங்க அறிக்கைய நான் எப்படி நம்புறது?"

ஒப்பந்தம் அன்றே ரத்தாயிற்று. நாற்பத்தொன்றாம் பிழைக்கு எதிரே 'எங்களிடம் வரவில்லை' என்று எழுதி மூடிவிட்டார்கள். அவர்களிடம் எப்படி வரும்?

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு இரண்டு கம்பெனிகளில் கேட்டேன். இரண்டிலும் முதலில் கேட்டது ஒன்றுதான், உங்களால் தனி அறையில் இருக்க முடியுமா? நான் போனை வைத்துவிட்டேன்.

இப்போது மாடி அறையில் படுக்கிறேன். பாயில் ஒரு ஆளுக்கு இடம் விட்டுத்தான். காலையில் அந்தப் பக்கம் தொட்டால் சில்லென்று இருக்கும். அம்மா ஓடு ஒழுகுகிறது என்று அண்ணனைத் திட்டுகிறாள். மழை பெய்து மூன்று மாதமாகிறது.

ஹெட்போனை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அதற்கு ஒரு நாளும் சார்ஜ் போடவில்லை. ஆனால் மத்தியானம் இரண்டு பத்துக்கு, அலமாரிக் கதவின் இடுக்கில் பச்சை வெளிச்சம் தெரியும். முன்பு ஒரு நொடி எரிந்து அணைந்துவிடும். இப்போதெல்லாம் விட்டு விட்டு நெடுநேரம் எரிகிறது. யாரோ எதையோ பொறுமையாக, திரும்பத் திரும்பச் சொல்வது போல.

நேற்று பக்கத்தில் போய் நின்று கேட்டேன். "என்ன வேணும்? சொல்லுங்க, செய்யறேன்."

வெளிச்சம் மூன்று முறை எரிந்து அணைந்தது.

எனக்குத்தான் புரியவில்லை.